வேக்குவம் போட்ட சீலாக் கருவாடு ஏன் உப்பியது? முன்காலத்தில் காற்றை எடுத்து எப்படிப் பாதுகாத்தார்கள்?

வடகடல்காரி (தங்கச்சிமடம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து தங்கச்சிமடத்தில் கருவாடு போடுகிறோம். நெத்திலி, காரல், சாளை, விலை படிகிற நாளில் சீலாவும். இதுவரை ஓலைப்பெட்டியில் கட்டிச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு இருப்பு வைக்கலாம், வெளியூருக்கும் அனுப்பலாம் என்று, பையிலிருந்து காற்றை உறிஞ்சி ஒட்டுகிற வேக்குவம் மெஷின் ஒன்றைக் குழுப் பணத்தில் வாங்கினோம்.

நெத்திலி போட்ட பை எல்லாம் கல் மாதிரி இறுகி இன்றுவரை நன்றாக இருக்கிறது. சீலாத் துண்டம் போட்ட 40 பையில் 11 கெட்டுப்போனது. அதில் 4 பை தொளதொளவென்று காற்று வாங்கிக் கிடக்கிறது. 7 பை தலையணை மாதிரி உப்பி, ஒன்றைத் திறந்ததும் அறை முழுக்க நாற்றம். ஆர்டர் கொடுத்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

மெஷின் விற்றவர் "காற்றை எடுத்துவிட்டால் எதுவும் கெடாதும்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார். அது உண்மையா? எங்கள் அப்பத்தா சீலாவைக் குடல் எடுத்து, உப்பும் குடம்புளியும் போட்டுச் சாடியில் அடுக்கி, மேலே கல் வைத்து அமுக்கி வாயைக் கட்டி வைப்பார். கொழும்புக்குப் போய் வந்தவர்கள் கற்றுக் கொடுத்த முறை என்பார். மாதக்கணக்கில் கெடாது. அதுவும் வேக்குவம்தானா? இதை எல்லாம் முதலில் யார் செய்து பார்த்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கரைவலை எழுதியது:

சீல் சரியாக ஒட்டியிருக்காது அக்கா. சூட்டை ஒரு புள்ளி கூட்டி, ஓரத்தில் இரண்டு கோடு சீல் போட்டுப் பாருங்கள். பையின் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ஒட்டாது.

மூடிதட்டி (மண்டபம்) எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த 11 பையையும் யாரும் ருசி பார்க்க வேண்டாம். பூனைக்கும் போடாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அப்புறம் மற்றதைப் பேசுவோம்.

நான் மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் 26 வருடம் வேலை பார்த்தவன். உரித்த நண்டுச் சதையை டப்பாவில் நிரப்பி, மூடியை இறுக்கி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றுவார்கள். ஆறியபிறகு என் வேலை. தலை உருண்ட ஒரு சிறு கம்பியால் ஒவ்வொரு மூடியாகத் தட்டிக் கேட்க வேண்டும். உள்ளே வெற்றிடம் சரியாக இருந்தால் மூடி லேசாக உள்வாங்கி விறைப்பாக நிற்கும். தட்டினால் கோயில் மணியின் கடைசி இழை மாதிரி ஒரு சத்தம் வரும். கசிவு இருந்தால் ஈர மண்ணில் தட்டியது போல 'டொப்'. அந்த டப்பாவைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். இன்றைக்கும் கடையில் பால் டின் எடுத்தால் விரல் தானாக மூடியைத் தட்டும்.

உங்கள் 11 பையில் இரண்டு வேறு கோளாறு இருக்கிறது. தம்பி சொன்ன சீல் கோளாறு அந்த 4 பைக்குப் பொருந்தலாம். ஆனால் எனக்குச் சீலா முள்மேல்தான் சந்தேகம். பையிலிருந்து காற்றை எடுத்ததும் வெளிக்காற்று அதை நாலாபுறமும் அமுக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. உள்ளங்கை அகலத் துண்டத்தின் மேல் நூறு கிலோ ஏறி உட்கார்ந்த கணக்கு. அந்த அமுக்கலில் செதில் முனையோ வெட்டிய முள்ளோ பையைக் குத்தாமல் விடுமா? பையைத் தண்ணீர் வாளியில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. துண்டத்தின் முள்பக்கத்தில் கனமான தாள் ஒன்றைச் சுற்றிப் போட்டால் இது தீரும்.

உப்பின 7 பைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அங்கே பை ஒழுகவில்லை. உள்ளே இருந்த கிருமி வாயு விட்டிருக்கிறது. காற்று இல்லாத இடத்தில் மட்டுமே வளர்கிற கிருமிகளும் உண்டு.

"காற்றை எடுத்தால் எதுவும் கெடாது" என்று அந்த வியாபாரி சொன்னதைப் பெரிய பெரிய ஆட்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். ஜெர்மனியில் மக்டபர்க் நகர மேயர் ஓட்டோ வான் கெரிக், 1650களில் காற்றை உறிஞ்சும் பம்பைச் செய்தவர். இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்துக் காற்றை எடுத்தார். பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரை கட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை. எல்லோருக்கும் அந்தக் குதிரைக் கதைதான் தெரியும். அதே மனிதர் திராட்சையை வெற்றிடத்தில் வைத்து, அது கெடாமல் இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறார். பிறகு இங்கிலாந்தில் ராபர்ட் பாயில், அவரோடு வேலை பார்த்த டெனிஸ் பாப்பின் இருவரும் பழம், இறைச்சி என்று பலதையும் காற்றில்லாத கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

அடுத்தது பிரான்சில் நிக்கோலா அப்பேர். மிட்டாய் செய்கிற தொழில்காரர். 1795 வாக்கில் ஆரம்பித்துப் பதினைந்து வருடம் இதே வேலையாக இருந்தார். வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் உணவை நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் வேகவைத்தார். முறையைப் புத்தகமாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1810ல் அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. அந்தப் புட்டியில் இருந்த காற்றை கே-லுசாக் என்ற வேதியியல் அறிஞர் சோதித்தார். ஆக்சிஜன் இல்லை. சரி, ஆக்சிஜன் இல்லாததால்தான் கெடவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். உணவைக் காப்பாற்றியது அப்பேர் அடுப்பில் வைத்த சூடு என்பது, 1860களில் லூயி பாஸ்டர் கிருமிகளைப் பற்றி நிறுவிய பிறகுதான் தெளிவாயிற்று. ஐம்பது வருடம் காற்றின்மேலேயே பழி கிடந்தது.

நான் தட்டிக் கேட்ட வெற்றிடமும் அப்படித்தான். சூட்டில் மூடிய டப்பா ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி தண்ணீராகிச் சுருங்குவதால் வருகிற வெற்றிடம் அது. அது இருந்தால் மூடி ஒழுகவில்லை என்று அர்த்தம். சதையைக் காப்பது அந்த வெந்நீரும் அதற்குப் பிறகு விடாத ஐஸும்.

இதில் உயிர்ப்பயமும் இருக்கிறது. பொட்டுலினம் என்ற கிருமிக்குக் காற்று ஆகாது. அதன் வித்து சாதாரணக் கொதியில் சாகாது. அழுத்தத்தில் 121 டிகிரி ஏற்றி மூன்று நிமிடமாவது வைக்க வேண்டும். 1963ல் அமெரிக்காவில் புகை போட்ட மீனை வேக்குவம் பையில் அடைத்து, குளிர் விட்டுப்போய், சாப்பிட்டவர்கள் இறந்தே போனார்கள். சில சமயம் பை உப்பாது, நாறவும் நாறாது. உங்கள் 7 பை உப்பிக் காட்டிக் கொடுத்ததே பெரிய விஷயம்.

அப்பத்தா சாடி வேக்குவம் இல்லை தங்கச்சி. மேலே கல் வைத்தது மீன் உப்புநீருக்கு மேலே தலை காட்டாமல் இருக்க. அதனால் காற்றுப் படாது, நெய்ச்சத்து காறாது. ஆனால் கிருமியை அடக்கியது உப்பும் புளிப்பும். அப்பத்தாவுக்கு இரண்டும் சேர்ந்தே தெரிந்திருக்கிறது.

பனங்காட்டான் (சாயல்குடி) எழுதியது:

காற்றை எடுத்த பாத்திரம் எங்கள் தொழிலுக்கும் உறவு. விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசையில், பதநீர் காய்ச்சும்போது பாகுப் பதத்துக்குக் கிட்டே வரும் நேரம்தான் உயிரைப் பிடிக்கும். ஒரு நிமிடம் பிசகினால் அடிப்பிடித்துக் கருகிவிடும், அன்றைய கருப்பட்டி கசக்கும். சீனிக்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஹோவர்ட் என்பவர் 1813ல் மூடிய பாத்திரத்தில் காற்றை உறிஞ்சிவிட்டுப் பாகு காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். காற்றழுத்தம் குறைந்தால் 60, 70 டிகிரியிலேயே கொதித்துவிடும், கருகாது. அதே மாதிரி பாத்திரத்தில்தான் அமெரிக்காவில் கெய்ல் போர்டன் பாலை வற்றவைத்து 1856ல் காப்புரிமை பெற்றார். டின் பாலின் பிறப்பு அது. அங்கேயும் பாலைக் காப்பாற்றியது நீர் வற்றியது, கலந்த சீனி, சூடு. வெற்றிடம் அதற்கு வழி விட்டது.

ஓடாவி மகன் (பாம்பன்) எழுதியது:

உணவு இல்லை என்றாலும் சொல்கிறேன். எங்கள் அப்பா வல்லம் என்ற மரப்படகுக்குச் சுறா எண்ணெய் பூசுவார். மேலே பூசினால் மேலோடு நிற்கும், மரம் துளைக்கிற புழு உள்ளே இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ரயில் கட்டைக்கு வேறு வழி. ஜான் பெத்தெல் என்பவரின் 1838 காப்புரிமையில் பிறந்த முறை. மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, மர நார்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, தார் எண்ணெயை அழுத்தத்தோடு உள்ளே விடுவார்கள். எண்ணெய் ஆழம்வரை இறங்கும். காற்று வெளியே போனது எண்ணெய்க்கு இடம் விடத்தான்.

வடகடல்காரி எழுதியது:

அண்ணே, பைகளைப் புதைத்துவிட்டோம். ஆர்டர்காரரிடமும் உள்ளதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பினேன். மிச்சமிருந்த 29 பையில் ஒரு துண்டத்தை முள்ளோரம் கீறிப் பார்த்தேன். மேலே சருகு மாதிரி காய்ந்திருக்கிறது, நடுவில் விரல் வைத்தால் பிசுபிசுப்பு. வாடைக்காற்றில் இரண்டு நாள் மேகமூட்டம், அவசரப்பட்டு அள்ளிவிட்டோம். இனி சீலாவுக்கு என்ன அளவு வைக்கட்டும்?

மூடிதட்டி எழுதியது:

அந்த 29 பையும் வேண்டாம் தங்கச்சி, மனசு கேட்காது என்றாலும் புதையுங்கள். இனிமேல் சீலாவைக் குறுக்கே தடியாக வெட்டாமல் முதுகோடு பிளந்து விரித்து, சதையைக் கீறிவிட்டு உப்பு வையுங்கள். உப்பில் கை இழுக்க வேண்டாம். காயப்போட்ட பிறகு ஒரே துண்டத்துக்கு அடையாளம் கட்டி, காலையும் மாலையும் தராசில் வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் தண்ணீர் போகிறது. இரண்டு நாள் ஒரே எடை நின்ற பிறகு, தடிமனான இடத்தை நடுவில் ஒடித்துப் பாருங்கள். ஒடியாமல் வளைந்தால் திரும்ப வெயிலுக்கு. ஒடிந்தால் மெஷினைத் தொடுங்கள்.

அடுத்த கச்சான் காற்றுக் காலத்தில் காய்கிற முதல் சீலாவில் ஒரு துண்டம் மண்டபத்துக்கு அனுப்புங்கள், ஒடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.