நிர்வாகச் சுமையா, நிர்வாக அலைச்சலா?

நண்பர்களே,

கல்லூரிப் பிள்ளைகளுக்கான சமூகவியல் சொற்பட்டியலில் 'அட்மினிஸ்ட்ரேடிவ் பர்டன்' என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். அரசிடமிருந்து ஒன்றைப் பெறப்போகிற குடிமகன் படும் பாடு என்பது பொருள். 'நிர்வாகச் சுமை' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் அப்படியே அனுப்பிவிடுவேன்.

— கொழிஞ்சாம்பாறை

*

தம்பி, ஆட்சேபம் இருக்குங்க.

'நிர்வாகச் சுமை' என்று செய்தித்தாளில் பார்த்தால் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? எனக்குப் பள்ளித் தலைமை ஆசிரியர். பாடம் நடத்த விடாமல் பதிவேடுகளை நிரப்ப வைக்கிறார்கள் என்று அவர் புலம்புவார், அதற்கு நிர்வாகச் சுமை என்று தலைப்புப் போடுவார்கள். அங்கே சுமை மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நீங்கள் சொல்லவந்தது மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரைப் பற்றி. சொல்லைப் படித்த உடனே பிள்ளைகள் தவறான ஆளுக்கு இரக்கப்படுவார்கள்.

இந்தக் கருத்தைப் பரவலாக்கியவர்கள் பமேலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 2018இல் வந்த அவர்கள் நூல், குடிமகன் படும் பாட்டை மூன்றாகப் பிரிக்கிறது. எனக்கு என்ன உரிமை, எங்கே கேட்பது என்று தெரிந்துகொள்ளும் பாடு ஒன்று. படிவம், சான்று, பயணம், காத்திருப்பு இவை இரண்டாவது. மூன்றாவது மனசுக்குள் நடப்பது: பயம், அவமானம், 'நான் என்ன பிச்சையா கேட்கிறேன்' என்கிற எரிச்சல். இந்த மூன்றும் எல்லாருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை, படிப்பும் பணமும் உடல்நலமும் குறைந்தவர்மேல்தான் அதிகம் விழுகின்றன என்பதுதான் அவர்கள் அழுத்திச் சொல்வது.

பிள்ளைகளுக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஆர்கன்சாவைச் சொல்லுங்கள். 2018இல் அந்த மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் ஒரு நிபந்தனை வைத்தது: மாதம் 80 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், அதைத் தாங்களே இணையத்தில் பதிய வேண்டும். அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத் திறக்கும். கடைக்கு ஷட்டர் இருக்கிற மாதிரி இணையதளத்துக்கும் ஷட்டர். சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். பிறகு ஆய்வு செய்தவர்கள் பார்த்தால், நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே அதை நிறைவேற்றியவர்கள், அல்லது விலக்குப் பெறத் தகுதி உள்ளவர்கள். அவர்களிடம் வேலை இருந்தது. வேலை இருப்பதாகச் சொல்லத்தான் வழியில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இந்தச் சித்தூரில் (பாலக்காட்டுச் சித்தூர், குழுவில் ஆந்திரச் சித்தூர்க்காரர்களும் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டியிருக்கிறது) ஓர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து இருபது வருஷம் பிறருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். வருகிறவர்கள் யாரும் 'சுமை' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'மூணு நடை நடந்துட்டேன்', 'இன்னும் எத்தனை நடைன்னு தெரியல' என்பார்கள். தண்ணீர்க் குடத்துக்கும் செங்கல் லோடுக்கும் எண்ணுகிற அதே நடைக்கணக்கு. இந்தக் கணக்கில் ஒரு நடை என்றால் ஒரு நாள் கூலி போனது என்று அர்த்தம். ஆராய்ச்சியாளர்கள் அளவுகோல் தேடுகிறார்கள், எங்கள் பாட்டிமார் அளந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்து மொழிகளையும் பாருங்கள். மலையாளத்தில் 'ஓஃபீஸ் கயறியிறங்ஙி மடுத்து' என்பார்கள், ஏறி இறங்கி அலுத்துப்போனேன் என்று. எங்கள் தமிழிலும் அது தொற்றி 'ஏறியிறங்கி' ஆகிவிட்டது. மலையாளத்தான் ஏறுகிறான், தமிழன் நடக்கிறான். தெலுங்கில் என்ன செய்கிறார்கள் என்று நகரிக்காரர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: அலைச்சல். 'நிர்வாக அலைச்சல்' என்று அடைகொடுத்துக் கொள்ளலாம்.

'அலைக்கழிப்பு' இன்னும் பழகிய சொல்லாயிற்றே என்பீர்கள். அது குற்றச்சாட்டு. அலைக்கழித்தவன் ஒருவன் வேண்டும். எல்லாப் பாடும் ஒருவர் வேண்டுமென்றே கொடுப்பது அல்லவே. ஊழல் நடக்காமல் இருக்கக் கேட்கிற சான்றும் பாடுதான். 'சிவப்பு நாடா'வும் இங்கே சரிவராது. அது பயனில்லாத விதியைக் குறிக்கிறது. பயனுள்ள விதியும் ஒருவரை நாலு நடை நடக்க வைக்கும்.

இதில் தமிழ் இலக்கணமே நமக்குக் கை கொடுக்கிறது. அலைவது தன்வினை, அலைக்கழிப்பது பிறவினை. டென்மார்க்கில் மார்ட்டின் பேக்கார்டும் தாரா டாங்கிங்கும் 2022இல் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் எல்லாரும் எல்லாவற்றையும் 'பர்டன்' என்றே சொல்லிக் குழப்பிவிட்டார்கள் என்று குறைப்படுகிறது. அரசு செய்கிறது வேறு, மக்கள் அனுபவிக்கிறது வேறு, இரண்டையும் பிரியுங்கள் என்கிறார்கள். குழப்பத்துக்கு அவர்கள் தலைப்பில் வைத்த உவமை ஒரு கிண்ணம் ஸ்பகெட்டி. நமக்கு இடியாப்பச் சிக்கல் என்று எப்போதோ இருக்கிறது. அவர்கள் கேட்கும் பிரிவும் இருக்கிறது: அரசின் பக்கம் அலைக்கழிப்பு, ஆளின் பக்கம் அலைச்சல்.

— பாலக்காட்டுச் சித்தூர்

*

அண்ணா, தெலுங்கில் சுற்றுகிறார்கள். 'ஆபீசுல சுட்டூ திரிகி திரிகி செப்புலு அரிகிபோயாயி' (ஆபீசுகளைச் சுற்றிச் சுற்றிச் செருப்புத் தேய்ந்துபோச்சு) என்பது இங்கே தினம் காதில் விழும் பேச்சு. செருப்புத் தேய்வது நம் பக்கமும் உண்டு, வட்டம் மட்டும் அவர்களுடையது. கோயிலைச் சுற்றுவதற்கும் அதே சுட்டூதான்.

அலைச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். அலைச்சல் காலுக்கு உண்டானது. இப்போது கால் நடப்பதில்லையே? எங்கள் ஊர் விசைத்தறி ஊர். கைரேகை தேய்ந்த வயசானவர்கள் ரேஷனுக்கு விரலை வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். ஓடிபி எந்தப் போனுக்குப் போனது என்று தெரியாமல் நிற்கிறார்கள். கிராம சச்சிவாலயம் (ஊரிலேயே இருக்கும் அரசு அலுவலகம்) 2019இல் வந்தபோது தூரம் உண்மையிலேயே குறைந்தது, அதை நான் மறுக்கவில்லை. மனு வீட்டுக்குப் பக்கத்திலேயே கொடுக்கலாம். கொடுத்தபின் அது எங்கே போயிற்று என்று கேட்கத்தான் சுற்ற வேண்டியிருக்கிறது.

அதோடு 2022 ஏப்ரலில் ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது சத்தியவேடு திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று, நாங்கள் சித்தூரிலேயே நின்றோம். பக்கத்து ஊர்க்காரருக்கு 'கலெக்டர் ஆபீஸ் எங்கே' என்று வழி சொல்ல எனக்கே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ளும் பாடு என்பது அதுதானே? அதில் அலைச்சல் எங்கே?

— நகரி

*

நகரித் தம்பி கேட்டது நியாயம். ஆனால் அலைச்சல் காலுக்கு மட்டும் என்று யார் சொன்னது? 'மனசு அலையுது' என்கிறோமே. கண் அலைபாய்கிறது, அலை கடலிலும் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது மூன்றாவது பாடு. அந்த நூல் மூன்று பாட்டுக்கும் 'காஸ்ட்' என்று பேர் வைத்திருக்கிறது என்பதற்காக இதை 'உளவியல் செலவு' என்று போட்டுவிடாதீர்கள், மருத்துவர் ஃபீஸ் மாதிரி இருக்கிறது.

மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவள் நான். படிவத்தில் 'வீட்டுப்பேர்' என்று ஒரு கட்டம் வரும். மலையாளிக்கு அது பெயரின் பாதி. எங்களுக்கு வீடு ஏது, பேர் ஏது? லயம் என்கிற வரிசை வீடுதான், அதற்கு நம்பர்தான். என் அம்மா எஸ்டேட் பேரையும் டிவிஷனையும் லய நம்பரையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி எழுதுவாள். மறுபக்கத்தில் இருந்தவர் 'இது வீட்டுப்பேர் அல்லல்லோ' என்று ஒரு தடவை சிரித்தார். கெட்டவர் இல்லை, சிரித்துவிட்டு அவரே திருத்தியும் கொடுத்தார். அம்மா அதற்கப்புறம் எந்த ஆபீசுக்கும் தனியாகப் போனதில்லை. அதற்குப் பேர் என்ன? அவள் சொன்னது 'குறுகிப்போச்சு' என்று. 'குறுகல்' என்று வைக்கலாமா?

பேர்ச் சிக்கல் இன்னும் இருக்கிறது. நாம் அப்பா பேரின் முதலெழுத்தைப் போடுகிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் மலையாள உச்சரிப்பில் ஒரு மாதிரி. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசில் ஒரு சான்று வாங்க வேண்டும். அதற்கு 'ஒன் அண்ட் சேம்' என்றே பேர். எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று இங்கிலீஷ் வார்த்தை ஏபிசிடிக்கு முன்னாலேயே தெரியும்.

ஜாதிச் சான்று இதைவிட நீளம். பட்டியல் சாதி ஆணை 1950இல் வந்தது. அதற்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள். தேயிலை கிள்ள வந்த தாத்தாவிடம் என்ன பத்திரம் இருந்திருக்கும்? எஸ்டேட்டில் பழைய செக்ரோல் (கூலிப் பதிவேடு) கிடைத்தால் உண்டு. கரையான் தின்றுவிட்டால் தாத்தா வரவேயில்லை.

— மூணாறு

*

மூணாறு அக்காவின் கடிதத்துக்குப் பிறகு மறுத்து எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் ஒரு முட்டுக்கட்டை போடுகிறேன்.

இந்தச் சொல் ஆராய்ச்சியில் பரவக் காரணமான 2012ஆம் வருடக் கட்டுரையில் முதல் ஆசிரியர் பெயரே பாரி பர்டன் (விளையாட்டு இல்லை). மொய்னிஹனும் அதில் உண்டு. அவர்கள் அதில் ஆராய்ந்தது தேர்தல் நடத்தும் அலுவலர்கள் படும் பாட்டை. அதாவது மேசைக்கு அந்தப் பக்கம்! ஆகவே 'நிர்வாகச் சுமை' முழுக்கத் தவறில்லை. ஒரு கொள்கை நடைமுறைக்கு வரும்போது அதைப் பாரமாக ஒருவர் உணர்வது என்பதுதான் அவர்களுடைய வரையறை. அந்த ஒருவர் அலுவலராகவும் இருக்கலாம். அலைச்சல் என்று வைத்தால் அவரை வெளியே தள்ளிவிடுகிறோம்.

பெயரடை வடிவமும் வேண்டும். 'பர்டன்சம்' என்பதை எப்படிச் சொல்வீர்கள்? 'அலைச்சலான விதி'யா?

— கோயம்புத்தூரிலிருந்து, வாளையாறு தாண்டி வேலைக்குப் போகிறவன்

*

வாளையாறு தாண்டுகிறவருக்கு: 'அலைக்கிற விதி' என்பேன். தமிழில் பெயரெச்சம் இருக்கும்போது 'ஆன' எதற்கு?

அலுவலர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, எனக்கு அந்தக் கட்டுரை நினைவில் இல்லை. ஆனால் 2018க்குப் பிறகு அந்தச் சொல் பெரும்பாலும் குடிமக்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. அலுவலருக்கு 'நிர்வாகச் சுமை' ஏற்கெனவே தமிழில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை அவருக்கே விட்டுவிடலாமே. ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் பார்க்க வேண்டுமா?

'செலவு' பற்றி ஒன்று. மூன்று 'காஸ்ட்'களையும் செலவு என்று பெயர்க்கலாம் என்று நினைத்துப் பிறகு விட்டேன், பணம் மட்டும் தெரிகிறது என்று. ராத்திரி படுக்கும்போது தோன்றியது: செலவு என்றால் செல்வதுதானே? பாலைத்திணையில் செலவழுங்குதல் என்று ஒரு துறையே உண்டு, பொருள்தேடப் புறப்பட்டவன் போகாமல் நின்றுவிடுவது. தாலுக்கா ஆபீசுக்குக் கிளம்பி, 'போனாலும் கிடைக்கப்போறதில்ல' என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆர்கன்சாவிலும் பலர் அப்படித்தான் நின்றிருப்பார்கள். பட்டியலில் சேர்க்க வேண்டாம், சும்மா சொன்னேன்.

இன்னொன்று, சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். எந்தக் குறையையும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்கிறது அரசமைப்பின் 350ஆம் உறுப்பு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் கொடுக்கிறது. அலைக்கழிப்பு என்று பார்த்தால் ஏட்டில் இல்லை. ஆனாலும் என்னிடம் வந்தவர்கள் 'மலையாளத்துலயே எழுதுங்க, தமிழ்ல எழுதினா அடியில போயிரும்' என்றுதான் கேட்டார்கள். நானும் மலையாளத்தில்தான் எழுதினேன், அதற்குத்தான் காசு வாங்கினேன். அலைக்கழிப்பு இல்லாமலும் அலைச்சல் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

— பாலக்காட்டுச் சித்தூர்

*

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு தாண்டிவிட்டது, அனுப்பவில்லை. இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

நிர்வாக அலைச்சல்: அரசின் சேவையையோ உரிமையையோ பெறுவதில் ஒருவர் படும் பாடு. அரசு தரப்பில் அதை உண்டாக்கும் விதியும் நடைமுறையும் அலைக்கழிப்பு. அலுவலர் தரப்பில் உள்ளது நிர்வாகச் சுமை. அலைச்சலின் மூன்று கூறுகள்: விசாரிப்பு, நடை, குறுகல்.

'நடை' என்ற பெயரில் ஓடிபியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நகரி அண்ணன் தனிமடலில் ஒத்துக்கொண்டார். 'ஒவ்வொரு ஓடிபியும் ஒரு நடை' என்கிறார். 'விசாரிப்பு' போலீஸ் வாடை அடிக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள், மாற்று இருந்தால் தாருங்கள்.

இதே பட்டியலில் அடுத்த வரி 'ஸ்லட்ஜ்'. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 2018இல் எழுதியது, தனக்கு நல்லதைச் செய்துகொள்ளப்போகிற ஆளை வழியில் இழுத்துப் பிடிக்கிற வேண்டாத உராய்வு. சகதி என்று போடலாமா, சேறு என்று போடலாமா? எங்கள் பக்கம் மழை பெய்தால் சேறு வேறு, சகதி வேறு.

— கொழிஞ்சாம்பாறை