ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் கேள்வி கேட்காமல் டெபியனைத் தானாக நிறுவுவது எப்படி?

கோத்தகிரி ஆசிரியை:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே உள்ள ஒரு பள்ளியில் கணினி ஆய்வகத்தைக் கவனித்துவருகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்களிடம் உள்ள 24 கணினிகளில் பெரும்பாலானவற்றில் டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11-க்கும் வழியில்லை. ஆகவே எல்லாவற்றிலும் டெபியன் 13 எனும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவத் தீர்மானித்திருக்கிறோம். இங்கே இணையம் மெதுவானது. வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பேட்டரிகளும் பழையவை.

நிறுவல் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தரும் பிரீசீட் கோப்பு ஒன்றை எழுதி, வழங்கியில் (சர்வரில்) வைத்து, கணினிகளை வலைப்பின்னல் வழியாகப் பூட் செய்கிறேன். ஆனாலும் மொழி, விசைப்பலகை ஆகிய கேள்விகளில் நிறுவி (நிறுவல் நிரல்) நின்றுவிடுகிறது. ஒரு கணினியைத் தயார்செய்து, குளோன்சில்லா எனும் வட்டு நகலெடுப்பு நிரல் மூலம் மற்றவற்றுக்கு நகலெடுப்பதே எளிது என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். எது நல்லது?

குன்னூர் நிர்வாகி:

வணக்கம் அம்மா. வலைப்பின்னல் வழியாக வரும் பிரீசீட் கோப்பை, வலைப்பின்னல் இணைப்பு கிடைத்த பிறகுதான் நிறுவியால் படிக்க முடியும். மொழியும் விசைப்பலகையும் அதற்கு முன்பே கேட்கப்படுகின்றன. நிறுவியைத் தொடங்கும்போது கொடுக்கும் கெர்னல் வரியில் ‘ஆட்டோ’ என்பதை ‘ட்ரூ’ என்றும், ‘பிரையாரிட்டி’ என்பதை ‘கிரிட்டிக்கல்’ என்றும் கொடுத்தால், அந்தக் கேள்விகள் கோப்பு வந்துசேரும்வரை தள்ளிப்போகும்.

நகலெடுக்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பூட் முறையான பயாஸில் தயாரித்த வட்டு நகல், புதிய முறையான யூஇஎஃப்ஐயில் மட்டும் தொடங்கும் கணினியில் பூட் ஆகாது. அதோடு கணினியின் தனி அடையாள எண்ணான மெஷின்-ஐடியும், தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணைவதற்கான எஸ்எஸ்எச் விசைகளும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே அமைந்துவிடும். வலைப்பின்னல் இணைப்பைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி அந்த மெஷின்-ஐடியிலிருந்தே தன் டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் முறை) அடையாளத்தை உருவாக்குவதால், இரண்டு கணினிகள் ஒரே ஐபி முகவரிக்கு மோதிக்கொள்வதும் உண்டு. நகலெடுத்தபின் இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட, ஒவ்வொரு கணினியிலும் புதிதாக நிறுவுவதே சுத்தமான வேலை.

இரண்டு வகைக் கணினிகளும் கலந்திருந்தால், முகவரியும் பூட் கோப்பும் வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலில், கணினியின் வகையைச் சொல்லும் டிஎச்சிபி விருப்பம் 93-ஐப் பார்த்துப் பிரித்து அனுப்புங்கள்: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. டெபியன் 13-இல் 32 பிட் செயலிகளுக்கான நிறுவி கிடையாது என்பதால், மிகப் பழைய கணினிகளை முதலிலேயே பார்த்து ஒதுக்கிவிடுங்கள்.

கோத்தகிரி ஆசிரியை:

மிக்க நன்றி ஐயா, நீங்கள் சொன்னபடி மாற்றியதும் கேள்விகள் நின்றுவிட்டன. ஆனால் நிறுவி முடித்து மறுபடி தொடங்கும் கணினி, மீண்டும் வலைப்பின்னலில் பூட் ஆகி முதலிலிருந்து நிறுவத் தொடங்குகிறது. சேர்க்கைப் பதிவேடுகள் உள்ள அலுவலகக் கணினியும் இதே ரூட்டரில் இருப்பது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

கூடலூர் லினக்ஸ்:

ஆசிரியைக்கு வணக்கம். அந்தக் கவலை மிகவும் நியாயமானது. வேறு எதையும் தொடுமுன் இதைச் சரிசெய்யுங்கள். ஆய்வகச் சுவிட்சிலிருந்து ரூட்டருக்குச் செல்லும் கேபிளைக் கழற்றிவிட்டு, வழங்கியின் ஒரு வலைப்பின்னல் அட்டையை அந்தச் சுவிட்சிலும், மற்றொன்றை அல்லது வைஃபையை ரூட்டரிலும் இணையுங்கள். டிஎன்எஸ்மாஸ்க் சுவிட்ச் பக்கம் மட்டுமே பதில் சொல்லட்டும். அப்போது ரூட்டரின் டிஎச்சிபியோடு மோதலும் இராது, அலுவலகக் கணினிக்கு நிறுவி போய்ச்சேரவும் வழியிராது.

மீண்டும் மீண்டும் நிறுவும் சிக்கலுக்கு, எல்லாக் கணினிகளுக்குமான பொது பூட் அமைப்புக் கோப்பில் ‘ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பூட் செய்’ என்பதையே வையுங்கள். நிறுவ வேண்டிய கணினிக்கு மட்டும் அதன் வலைப்பின்னல் அட்டைக்குரிய மேக் முகவரியின் பெயரில் தனிக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். வலைப்பின்னல் பூட் நிரலான பிஎக்ஸ்இலினக்ஸ் தேடும் அந்தப் பெயர் 01 என்று தொடங்கி, மேக் முகவரியின் ஒவ்வொரு ஜோடியும் சிறு கோட்டால் பிரிந்து, எழுத்துகள் எல்லாம் சிற்றெழுத்தாக இருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ கணினிகளுக்கு கிரப் எனும் பூட் நிரலிலும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். பிரீசீட்டில் ‘லேட் கமாண்ட்’ என்ற இடத்தில் எழுதும் கட்டளை, நிறுவல் முடியும் தறுவாயில்தான் இயங்கும். அது வழங்கியில் உள்ள ஒரு சிறு நிரலை அழைத்து அந்தக் கோப்பை நீக்கச் செய்யட்டும். நடுவில் மின்சாரம் போனால் கோப்பு அங்கேயே இருக்கும் என்பதால், மின்சாரம் வந்து கணினியை இயக்கியதும் யாரும் தொடாமலே நிறுவல் மறுபடி தொடங்கும். முடிந்துவிட்ட கணினியோ ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எழும். கூடலூர் மழைக்காலத்தில் எங்களுக்குப் பேருதவியாக இருந்தது இந்த ஏற்பாடுதான்.

குன்னூர் நிர்வாகி:

கூடலூர் நண்பர் சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன். அதே வழங்கியில் பதிவிறக்கிய தொகுப்புகளைச் சேமித்துவைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜியை நிறுவி, பிரீசீட்டில் ப்ராக்ஸியாக (இடைநிலை வழங்கியாக) அதன் 3142-ஆம் போர்ட்டைக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு கணினியில் முழுமையாக நிறுவிவிட்டால், மற்றவற்றுக்கான தொகுப்புகள் பெரும்பாலும் வழங்கியிலிருந்தே வரும். டெபியன் தொகுப்புகள் உள்ள களஞ்சியத்தின் முகவரி எச்டிடிபியாக இருக்க வேண்டும், எச்டிடிபிஎஸ் என்றால் சேமிக்கப்படாது. தொகுப்புப் பட்டியல்கள் கையொப்பத்தால் சரிபார்க்கப்படுவதால் அஞ்ச வேண்டியதில்லை.

பழைய கணினிகளில் கடிகாரத்தை ஓடவைக்கும் சீமாஸ் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் இருக்கும். அந்நிலையில் ‘இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட் மறுத்துவிடும். வழங்கியிலேயே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சேவையை இயக்கி, அதன் முகவரியைப் பிரீசீட்டில் எழுதிவிடுங்கள்.

மாணவர்கள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய உள்ளீட்டு முறைகளுக்கான ஐபஸ்-எம்17என் தொகுப்பையும், தமிழ் எழுத்துருத் தொகுப்பையும் கூடுதல் தொகுப்புகளின் வரியில் சேர்த்துக்கொள்ளலாம். பயாஸ் கணினி ஒன்று, யூஇஎஃப்ஐ கணினி ஒன்று என இரண்டில் மட்டும் முதலில் ஓட்டிப்பார்த்து, நடுவில் வேண்டுமென்றே மின்சாரத்தை ஒருமுறை நிறுத்தியும் சோதித்த பிறகு மற்ற 22 கணினிகளின் மேக் முகவரிகளைச் சேருங்கள்.