முதல் கோடாலி: எந்த அளவு வாங்கலாம்?

சுள்ளிபொறுக்கி:
கேம்பிங் போக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை கத்தியை வைத்தே ஓட்டிவிட்டேன், கத்தியைக் கட்டை மேல் வைத்து அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளப்பதுதான் வழக்கம். போன தடவை மணிக்கட்டு தடிமனுக்கு ஒரு விறகு, நடுவில் ஒரு கணு, கத்தி பாதியில் மாட்டிக்கொண்டது. ஆட்டி ஆட்டி எடுப்பதற்குள் கத்தி வாயில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. சரி, கோடாலி வாங்கிவிடலாம் என்று முடிவு. ஒரு அடிக் காம்பு உள்ள கைக்கோடாலி பையில் அடங்கும், மனசு அதில்தான் நிற்கிறது. கூட வருபவர் இரண்டரை அடிக்குக் குறைந்து வாங்காதே என்கிறார். சுமக்கப்போவது அவரில்லையே!

பழைய_அரம்:
இரண்டும் வேண்டாம். 45 முதல் 60 செ.மீ. வரை காம்பு, 700 முதல் 900 கிராம் வரை தலை. முதல் கோடாலிக்கு இந்த அளவு போதும். ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் ப்ரூக் செய்யும் ஸ்மால் ஃபாரஸ்ட் ஆக்ஸ் இந்த வகைதான், காம்பு ஏறக்குறைய 50 செ.மீ. அதையே வாங்கச் சொல்லவில்லை, அளவுக்காகச் சொன்னேன். இரண்டு கையாலும் பிடித்து வெட்டலாம், தலைக்குப் பக்கத்தில் பிடித்துச் செதுக்கவும் செய்யலாம்.

முழங்கால்_தழும்பு:
கைக்கோடாலி சின்னது, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்த ஆள் நான். நின்றுகொண்டே வெட்டினேன், குறி தப்பியது, வாய் அப்படியே சுழன்று முழங்காலுக்குக் கீழே வந்து இறங்கியது. தடிமனான பேண்ட் போட்டிருந்ததால் தோலோடு போயிற்று. காம்பு நீளமாக இருந்தால் தப்பிய வெட்டு பெரும்பாலும் தரையில் போய் முடியும், குட்டையானது வளைந்து காலுக்குத்தான் திரும்பும். குட்டைதான் வேண்டும் என்றால் முட்டி போட்டு வெட்டுங்கள், விறகுக்கு அடியில் ஒரு அகலமான கட்டையைக் கொடுங்கள்.

மடக்குரம்பம்:
யாரும் ரம்பத்தைப் பற்றிப் பேசவில்லையே. குறுக்கே அறுக்க மடக்கு ரம்பம், நெடுக்கே பிளக்க கோடாலி. ரம்பம் கையில் இருந்தால் கோடாலிக்குப் பாதி வேலை மிச்சம், அப்புறம் பெரிய கோடாலி எதற்கு?

சுள்ளிபொறுக்கி:
முழங்கால் கதையைப் படித்ததும் ஒரு அடி ஆசை போய்விட்டது, 50 செ.மீ.யே பார்க்கிறேன். வீட்டில் பழைய கோடாலி ஒன்றும் கிடக்கிறது, அளவு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தலை ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகிவிடும் என்கிறார்களே?

பழைய_அரம்:
இறுகும், இரண்டு நாளைக்கு. ஊறிய மரம் உப்பும், ஆனால் இரும்புத் துளைக்குள் உப்ப இடமில்லாமல் நார் நசுங்கும், காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துபோகும். நானும் ஒரு ராத்திரி முழுக்க வாளியில் போட்டுப் பார்த்தவன்தான், மறுவாரமே தலை கழன்று கையோடு வந்தது, நல்லவேளை வீசும்போது இல்லை. தலைத் துளைக்குள் காம்பு இறுக அதன் மேல்முனையில் அடித்திருக்கும் ஆப்பைப் பிடுங்கிவிட்டுப் புது ஆப்பு அடியுங்கள். காம்பு நசுங்கியிருந்தால் காம்பையே மாற்றுங்கள்.

புதுக் காம்போ புதுக் கோடாலியோ, அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே தெரியும் வளர்ச்சி வரிகள் கோடாலி வாய் இருக்கும் திசையிலேயே ஓட வேண்டும், அதற்குக் குறுக்கே ஓடினால் வைத்துவிடுங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது வரி காம்பின் நீளத்துக்குப் போகாமல் நடுவிலேயே ஓரத்துக்கு வழுகி வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். காம்பு முழுக்கப் பெயிண்ட் அடித்திருந்தால் இதெல்லாம் தெரியாது, அதனாலேயே நான் பெயிண்ட் அடித்ததைத் தொடுவதில்லை.

சுள்ளிபொறுக்கி:
இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். வரி குறுக்கே ஓடுகிறது, போதாததற்கு யாரோ ஆப்புக்குப் பதில் இரண்டு ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.

பழைய_அரம்:
ஆணியா! தலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், காம்பை அறுத்து அடுப்பில் போடுங்கள்.