பின் எக்ஸல் ஷொக் பிரக்கட்: உங்களுக்கு எங்கே மாட்டியது?

வெருகல் ஹைலக்ஸ்:
பழைய ஹைலக்ஸ், பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை வில்), 2 அங்குலம் உயர்த்தியது. குலுக்கலை அடக்குகிற ஷொக்கின் கீழ்முனையைப் பிடிக்கும் பிரக்கட்டை, நான் வாங்கும்போதே எக்ஸல் குழாய்க்குக் கீழே தொங்குகிற மாதிரித்தான் வெல்டிங்கில் ஒட்டியிருந்தார்கள். போன மாரியில் வெருகல் பக்கம் வயல் பாதையில் இறங்கினால், தண்ணீருக்குள் ஒரு மரவேர். டங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குனிந்து பார்த்தேன். இடது பிரக்கட் பின்னுக்கு மடிந்து, ஷொக் போல்ட்டோடு பிய்ந்து தொங்குது. எண்ணெய் சேற்றுத் தண்ணீரில் வானவில் நிறத்தில் படர்ந்தது. புத்தம் புது ஷொக் ஐயா! கம்பியால் கட்டி மூதூர் வரை ஊர்ந்து வந்தேன். வேறு யாருக்காவது இப்படி?

கிண்ணியா நானா:
எனக்கு நேர்மாறு. வேர் படக்கூடாது என்று கராஜில் பிரக்கட்டைக் குழாய்க்கு மேலே ஏற்றி, ஷொக்கின் மேல்முனையை சேசியின் (வண்டியின் அடிச்சட்டம்) நடுப்பக்கம் இழுத்துவிட்டார்கள். இரண்டு ஷொக்கும் கூரை முகடு மாதிரிச் சாய்ந்து நின்றன. பார்க்க வடிவுதான். நெல் மூட்டையோடு கிண்ணியாப் பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் ஒரு குலுக்கல். பாலத்தில் பாதித் தூரம் போயும் பின்பக்கம் ஆடி அடங்கவில்லை. பின்னால் வந்த ஓட்டோக்காரன் கை கொட்டிச் சிரிக்கிறான். சாய்த்தால் இரண்டு தரம் இழப்பு: ஷொக்கின் அசைவும் குறையும், விசையும் குறையும். நிமிர்ந்த நிலையிலிருந்து 30 பாகை சாய்த்தால் முக்கால்வாசி மிஞ்சும், 45 என்றால் பாதிதான். தம்பி, நீங்களும் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

உப்புவெளிப் பட்டறை:
நானா, சாய்வை மட்டும் குறை சொல்ல முடியாது. கீழ்முனை, எக்ஸலின் நடுவில் இருக்கிற டிஃப் (பல்சக்கரப் பெட்டி) பக்கம் ஒட்டி நின்றாலும் இதே கதைதான். ஒரு சில்லு ஏறி மறு சில்லு இறங்கும்போது நடுவில் இருக்கிற ஷொக் அசைவதே இல்லை, வண்டி பக்கவாட்டில் ஆடும். சில்லுக்கு எவ்வளவு கிட்ட வைக்கலாமோ அவ்வளவு நல்லது, ரயரிலும் பிரேக் பைப்பிலும் முட்டாமல்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிங்கைக் கழற்றி, எக்ஸலை ஜக்கில் வைத்து முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றியும் பாருங்கள். ஷொக் முழுதாகச் சுருங்குவதற்கு முன் பம்ப் ஸ்டொப் (எக்ஸல் மேலே ஏறுவதைத் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்ட வேண்டும். இல்லையென்றால் ஷொக்கே பம்ப் ஸ்டொப் ஆகிவிடும், பிறகு பிரக்கட்டைப் பிய்த்துக்கொண்டுதான் நிற்கும். பிரக்கட் இரு காதுள்ளதாக இருக்கட்டும். ஒற்றைக் காதில் தொங்குகிற போல்ட் வளையும். பற்றரி வயரைக் கழற்றுங்கள், வெல்டிங் ஏர்த் வயரை ஒட்டுகிற இடத்துக்குக் கிட்டவே பிடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே இழுவையில் ஒட்டினால் குழாய் வளைந்து ஓயில் சீல் ஒழுகும். ஒரு கராஜில் அப்படி ஒட்டி, பிரேக் ட்ரம் முழுக்க எண்ணெயாக வந்த ஜீப்பை நான் கழற்றியிருக்கிறேன். கையில் பட்ட நாற்றம் மூன்று நாள் போகவில்லை.

வெருகல் ஹைலக்ஸ்:
அண்ணை, நான் ஒட்டுகிற முறையைக் கேட்கவில்லையே 😄 வேரில் மாட்டியது யாருக்கு என்றுதான் கேட்டேன்.

குச்சவெளி மணல்:
எனக்கு வேர் இல்லை, கல். திரியாய்க்குப் போகிற காட்டுப்பாதையில். ஆனால் பிரக்கட் குழாய்க்குப் பின்னால், குழாயின் அடிமட்டத்துக்கு மேலே இருந்ததால் கல் குழாயிலேயே உரசிப் போனது. ஒரு கீறல், அவ்வளவுதான். கீழே தொங்கவும் வேண்டாம், நானா சொன்ன மாதிரி உச்சிக்கு ஏற்றவும் வேண்டாம். அப்புறம், லீஃப் வண்டி என்றால் ஒரு ஷொக்கை எக்ஸலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வையுங்கள். மணலில் மிதிக்கும்போது எக்ஸல் முறுக்கித் துள்ளுவது குறையும்.

கிண்ணியா நானா:
முன்னால் வைத்தால் அந்த ஷொக்தான் முதலில் கல்லைப் பார்க்கும். திரியாய்க் கல்லை எனக்கும் தெரியும்.

குச்சவெளி மணல்:
முன்னால் இருப்பதை உயரத்தில் வைக்க வேண்டியதுதான் நானா. ஞாயிறு வாருங்கள், வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள்.