'தட்டை' என்று எழுதினால் பழிப்பாகிவிடுமா? – கலைச்சொல் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே,

கலை விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் 1960இல் நவீனத்துவ ஓவியம் பற்றி எழுதிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஃப்ளாட்னஸ் (ஓவியப் பரப்பு தட்டையாக இருப்பது) என்ற ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறேன். படத்தைச் சூழும் சட்டம் நாடகத்துக்கும் உண்டு, வண்ணம் சிற்பத்துக்கும் உண்டு; வேறெந்தக் கலையோடும் பங்குபோடாமல் ஓவியத்துக்கே உரியது அது ஒன்றுதான் என்கிறார். அதை ஒளிக்காமல் காட்டியதால்தான் பிரெஞ்சு ஓவியர் மனேயின் படங்களை முதல் நவீனத்துவ ஓவியங்கள் என்கிறார். ஆக, இது பெருமைச் சொல். தமிழிலோ 'தட்டையான கதை' என்றால் திட்டு. 'மட்டம்' இன்னும் மோசம். 'ஆழமின்மை' பற்றிச் சொல்லவே வேண்டாம். என்ன செய்யலாம்?

---

மறுமொழி:

'பரப்புமை' என்று வையுங்கள். பர என்ற வேரிலிருந்து பரவு, பரப்பு, கடலைக் குறிக்கும் பரவை எல்லாம் வருகின்றன. தலை என்ற பெயர்ச்சொல்லிலிருந்து தலைமை வரும்போது பரப்பிலிருந்து பரப்புமை வரக்கூடாதா? விரிந்து கிடத்தல் என்ற பொருளும் கிடைக்கிறது, பழிப்பும் இல்லை.

---

மறுமொழி:

ஐயா, வகுப்பில் 'பரப்பு' என்றதும் மாணவர்கள் நீளத்தை அகலத்தால் பெருக்கத் தொடங்கிவிடுவார்கள். கடல் என்றால் ஆழமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. வாசகருக்குப் புரியாத தூய சொல்லை விடப் புரிகிற 'தட்டைத்தன்மை' மேல்.

---

மறுமொழி:

தட்டை பழைய சொல்தான். 'தழலும் தட்டையும் குளிரும்' என்று குறிஞ்சிப்பாட்டில் வருகிறதே, அந்தத் தட்டை தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மூங்கில் கருவி. மூங்கிலைப் பிளந்தால் தட்டையாகும், அதனால் பெயர் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். அப்புறம், நெடுநல்வாடையின் 'புனையா ஓவியம்' வண்ணம் தீட்டாத கோட்டோவியம். மேல்பூச்சு இல்லாமல் ஓவியம் தன்னைக் காட்டி நிற்பதை 'புனையாமை' என்றால் என்ன?

---

மறுமொழி:

அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. மனே வண்ணத்தை விடவில்லை, ஆழ மயக்கத்தைத்தான், அதாவது படத்துக்குள் ஆழம் இருப்பது போன்ற தோற்றத்தைத்தான், குறைத்தார். இன்னொன்றையும் பாருங்கள். கலை விமர்சகர் லியோ ஸ்டைன்பெர்க், அமெரிக்க ஓவியர் ராஷன்பெர்கின் படங்களை அச்சு இயந்திரத்தின் ஃப்ளாட்பெட் என்ற கிடைப்படுகையோடு ஒப்பிட்டார். சன்னல் வழியாக வெளியே பார்ப்பது போன்ற படமல்ல, மேசைமேல் பொருள்களைப் பரப்பி வைத்தது போன்ற படம். அவர் கிரீன்பெர்கோடு மோதியவர். நாளை அவரையும் மொழிபெயர்க்கும்போது இருவருக்கும் ஒரே வேர்ச்சொல் வேண்டும், இல்லாவிட்டால் சண்டை எதைப் பற்றியது என்றே தெரியாது. 'தட்டை' இருந்தால் 'தட்டைப்படுகை' எளிதாகக் கிடைத்துவிடும்.

---

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. தட்டைப்படுகை என்ற வாதம் என்னை மாற்றியது. 'தட்டைத்தன்மை' என்றே வைக்கிறேன்; முதல் இடத்தில் மட்டும் 'ஓவியப் பரப்பின் தட்டைத்தன்மை' என்று விரித்து எழுதுகிறேன்.

---

மறுமொழி:

சரி, பெரும்பான்மை அப்படியென்றால் அச்சுக்குப் போகட்டும். ஆனால் என் பரப்புமையைக் கைவிடவில்லை. ஒரு விமர்சகர் புகழ்வதை நாம் திட்டும் சொல்லால் எழுதினால், வாசகர் ஒவ்வொரு பத்தியிலும் மனதுக்குள் திருத்திக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.