கழுதுருட்டி 13 கண் பாலம்: ரயிலில் போனால் தெரியுமா?

கேள்வி (கடையநல்லூர்):
கேரளாவில், செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையில் இருக்கும் அந்தக் கல் பாலத்தை இன்னொரு தடவை பார்க்க அம்மாவுக்கு ஆசை. மீட்டர் கேஜ் (குறுகிய பாதை) ரயில் ஓடிய காலத்தில் கொல்லம் போகும்போது பார்த்ததாம். மூட்டுவலி, படி ஏற முடியாது. செங்கோட்டையில் ரயிலேறினால் ஜன்னல் வழியே வளைவுகள் தெரியுமா? சின்ன ரயிலுக்குக் கட்டிய பாலம் அகல ரயிலை எப்படித் தாங்குகிறது?

பதில் 1:
பகவதிபுரம் தாண்டிப் பெரிய குகை வரும். அதற்கப்புறம் ஜன்னலை விடாதீர்கள். ரீல்ஸில் பார்த்தேன், அட்டகாசம்!

பதில் 2 (ஆரியங்காவு):
தம்பி, அந்த ரீல்ஸ் எல்லாம் கீழே ரோட்டில் நின்று எடுத்தது. ரயில் பாலத்தின் தலைமேல் போகிறது, பெட்டிக்குள் இருப்பவருக்கு மரமும் ரோடும்தான் தெரியும். அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிப் போங்கள். புனலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் ‘கண்ணறப் பாலம்’ என்றால் போதும், பாலத்தை ஒட்டியே இறக்கிவிடுவார். இறங்கியபின் பாலத்தைப் பார்க்க ஒரு படியும் ஏற வேண்டாம்.

அப்பா அங்கே ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுக்குப் போனவர். பள்ளி விட்டு வரும்போது மழை பிடித்தால் நாங்கள் ஒதுங்குவது பாலத்தின் கண்ணுக்குள், அந்த வளைவுக்கடியில்தான். மேலே வண்டி போனால் சாய்ந்திருக்கும் முதுகில் கல் அதிரும். மலை ஏற்றம் என்பதால் பின்னாலும் ஒரு எஞ்சின் தள்ளும். அதனால் அதிர்வு இரண்டு தடவை.

தாங்குவது எப்படி என்றால், வளைவில் ஒவ்வொரு கல்லும் ஆப்பு மாதிரி. பாரம் ஏற ஏற ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். கருங்கல்லை இழுத்தால்தான் பிளக்கும், அழுத்தினால் அசையாது. 2010இல் மீட்டர் கேஜை நிறுத்தியபோது இடித்துவிடுவார்களோ என்று எங்களுக்கெல்லாம் பயம். நல்லவேளை, பலப்படுத்தி அப்படியே வைத்துக்கொண்டார்கள். 2018இல் அகல ரயில் வந்தது.

பதில் 3:
கேரளாக்காரர்கள் அன்றைக்கே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

பதில் 2 (ஆரியங்காவு):
அண்ணாச்சி, 1904இல் இந்தப் பாதையில் ரயில் ஓடியபோது கேரளாவே கிடையாது. செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர்தான், 1956இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ரயிலில் இருந்துதான் எண்ணினேன்” என்று ஒரே பிடிவாதம். கொஞ்ச நேரம் கழித்து, “அன்றைக்கு வண்டி தவறிப் பஸ்ஸில் போனோமோ?” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ்தான்.