மூக்கு எப்படி ஓடும்?

*நம்ம வீடு (குடும்பக் குழு), ஞாயிறு இரவு*

*அம்மா:* அப்பா, தூங்கிட்டீங்களா? உங்க பேத்தி இங்கிலீஷ் நோட்டை வச்சுக்கிட்டு அழுறா. 'மை நோஸ் இஸ் ரன்னிங்'க்கு 'என் மூக்கு ஓடுகிறது'ன்னு எழுதி, மிஸ் தப்பு போட்டுட்டாங்களாம்.

*தாத்தா:* இன்னும் தூங்கலம்மா. போனை அவகிட்ட குடு.

*பாப்பு:* 'ரன்'னா ஓடுறதுதானே தாத்தா 😢

*தாத்தா:* ஓடுறதும் உண்டு கண்ணு. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில 'ரன்'ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் பிரிச்சிருக்காங்க. அதை எழுத பீட்டர் கில்லிவர்னு ஒரு ஆசிரியர் ஒன்பது மாசம் உட்கார்ந்திருக்கார்.

*சித்தி:* 'செட்'டுக்குத்தான் அதிகம்னு படிச்ச ஞாபகம்ப்பா.

*தாத்தா:* நீ படிச்சப்ப அதுதான் சரி. 1989ல வந்த ரெண்டாம் பதிப்புல 'செட்'டுக்கு 430. அப்புறம் 'ரன்' முந்திடுச்சு. மெஷின், பஸ், கம்ப்யூட்டர் புரோகிராம்னு புதுசா எது வந்தாலும் அந்தச் சொல்லுலதானே ஏறிக்குது.

*மாமா:* எங்க ஜவுளிக்கடையிலயும் உண்டுப்பா. துணியை ரன்னிங் மீட்டர் கணக்குல விக்கிறோம். வெளியூர் பார்ட்டி ஒருத்தர் 'கலர் ரன் ஆகுமா'ன்னு கேட்டப்ப முதல்ல முழிச்சேன். சாயம் போகுமான்னு கேட்டிருக்கார்.

*பாப்பு:* அப்போ 645ம் மனப்பாடம் பண்ணணுமா??

*தாத்தா:* வேண்டவே வேண்டாம். நேத்து கணக்கு போடும்போது 'ஒண்ணுமே ஓடல'ன்னு சொன்னியே, அதை யாரு சொல்லிக் குடுத்தா? படம் ஓடுது, கடிகாரம் ஓடுது, எல்லாம் பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிட்ட. இங்கிலீஷ்லயும் அப்படியே பாரு.

*மாமா:* முட்டை ஓடு, கூரை ஓடு?

*தாத்தா:* அது வேற சொல்லுடா. எழுத்துதான் ஒண்ணு.

*பாப்பு:* அடுத்தது 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்'. ஸ்கூல் நடத்துறாங்க. சரியா?

*தாத்தா:* அருமை! நடத்துறதுன்னா நடக்க வைக்கிறது. அவங்க ஓட்டுற பள்ளிக்கூடத்தை நாம நடக்க வைக்கிறோம் பாரு. எலெக்‌ஷனுக்கு வா. அமெரிக்காவுல 'ரன்'னுவாங்க, இங்கிலாந்துல 'ஸ்டாண்ட்'. நாமளும் 'நிக்கிறார்'னுதான் சொல்றோம். ஒரே வேலைதான், ஒரு ஊர்ல ஓடுறார், ஒரு ஊர்ல நிக்கிறார். இதைக் கண்டா எனக்கு இந்த வயசுலயும் ஆசையா இருக்கு.

*சித்தி:* வார்டுல நாங்க தினமும் சொல்றது 'ரன்னிங் டெம்பரேச்சர்'. தமிழ்ல காய்ச்சல் அடிக்குது!

*பாப்பு:* 'மூக்கு ஒழுகுகிறது'ன்னு மாத்திட்டேன் 😊 கடைசி ஒண்ணு இருக்கு. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்'. இது கிரிக்கெட்டா தாத்தா?

*தாத்தா:* பக்கத்துல என்ன சொல்லு இருக்கு?

*பாப்பு:* மில்க்... ஆங்! பால் தீர்ந்துபோச்சு!

*அம்மா:* ஐயோ, இங்கயும் தீர்ந்துபோச்சு. தம்பி, காலையில வரும்போது ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாடா.

*மாமா:* சரிக்கா 👍